உட்கார்ந்தே ஓய்வு பெறும் கோல்கீப்பர்கள்

2014 உலகக் கோப்பைக் காலிறுதி, பிரேசிலின் சால்வடோர் நகரம். நெதர்லாந்தும் கோஸ்டாரிகாவும் 120 நிமிடம் முட்டி மோதியும் கோல் விழவில்லை. ஷூட்-அவுட்டுக்கு விசில் ஊதப்போகும் கடைசி நொடியில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் தன் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு, அந்தத் தொடரில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாத மாற்று ஆளை உள்ளே அனுப்பினார். வந்தவர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். 4-3 என்று நெதர்லாந்து ஜெயித்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம்தான்.

நான்கு நாள் கழித்து சாவோ பாவ்லோவில் அர்ஜென்டினாவுடன் அரையிறுதி. மறுபடியும் கோல் இல்லை, மறுபடியும் ஷூட்-அவுட். இந்த முறை மூன்று மாற்று வாய்ப்புகளும் வேறு ஆட்டக்காரர்களுக்குச் செலவாகியிருந்தன. சால்வடோரின் கதாநாயகன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நெதர்லாந்து 2-4 என்று வெளியேறியது. அத்தோடு முடியவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் 90 நிமிடமும் தாண்டிய பிறகு இன்னொரு கோல்கீப்பரை இறக்கினார்கள். அவர் அணியின் மூன்றாவது கோல்கீப்பர். அழைத்துவந்த 23 பேரையும் ஒரே உலகக் கோப்பையில் ஆடவைத்த முதல் அணி என்ற சாதனை அப்படித்தான் வந்தது. உள்ளே வந்தவருக்குப் பந்தைத் தொடுவதற்காவது நேரம் இருந்திருக்குமா?

கோல்கீப்பர்களின் தொழில் வாழ்க்கை பற்றி எழுதித் தரச் சொன்னபோது, அந்தரத்தில் பாய்கிற படங்களுக்குப் பொருத்தமான ஒரு கட்டுரையைத்தான் இந்த இதழ் எதிர்பார்த்திருக்கும். பழைய ஆட்டங்களைப் புரட்டப் புரட்ட, என் கண் பெஞ்சுப் பக்கமே போனது. பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். முதல் கோல்கீப்பர்களின் பெயர் உங்களுக்கே தெரியும். இரண்டாவது, மூன்றாவது ஆட்களின் பெயரைச் சொன்னாலும் பாதிப் பேருக்கு ஞாபகம் வராது. என் கவலையே அதுதான்.

ஸ்ட்ரைக்கர் ஒருவருக்கு முதல் பதினொன்றில் இடம் கிடைக்காவிட்டால் கடைசி இருபது நிமிடமாவது கிடைக்கும். விங்கில் ஆடுகிறவரை நடுவிலும் ஆடவைக்கலாம். ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் என்ற ஏற்பாடு கொரோனா காலத்தில் வந்து, 2022-இல் நிரந்தர விதியாகி, பெஞ்சில் இருந்த பலருக்கு வாழ்வு கொடுத்தது. கோல்கீப்பருக்கு அதில் பங்கில்லை. நிற்பதற்கு ஒரே இடம், அதிலும் ஒரே ஆள். முதல் ஆளுக்குக் காயமோ சிவப்பு அட்டையோ வந்தால் ஒழிய அந்த இடம் காலியாகாது. சக ஊழியனுக்கு அடிபட்டால்தான் தனக்கு வேலை என்ற நிலைமையில் பத்துப் பதினைந்து வருடம் ஒருவரை உட்காரவைக்கிற தொழில் வேறு எது இருக்கிறது?

அந்த உட்காருதலும் சும்மா உட்காருதல் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் முதல் ஆளுக்கு வார்ம்-அப் கொடுக்க வேண்டும்: பந்தை எறிந்து, உதைத்து, கிராஸ் போட்டு அவர் கையைச் சூடேற்ற வேண்டும். வாரம் முழுக்க ஃபார்வர்டுகள் ஷூட்டிங் பழக, கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றுகொடுக்க வேண்டும். பயிற்சியில் ஒரு நாளைக்கு அவர் வாங்குகிற ஷாட், முதல் ஆள் ஒரு மாத ஆட்டங்களில் வாங்குவதைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஆனால் பயிற்சி எத்தனை செய்தாலும் ஆட்டம் ஆகாது. கார்னர் வரும்போது ஆறு பேர் மேலே விழுந்து நெருக்க, வெளியே வந்து பந்தைக் குத்துவதா, கோட்டிலேயே நிற்பதா என்று அரை நொடியில் முடிவெடுக்கும் பழக்கம் ஆட்டத்தில் மட்டும்தான் படியும். 1992-இல் பேக்-பாஸ் விதி வந்து, தன் அணிக்காரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்றான பிறகு, எதிரணி ஃபார்வர்டு பாய்ந்து வரும்போது நிதானமாகப் பந்தை வெளியேற்றுவதும் கோல்கீப்பரின் வேலையாகிவிட்டது. அந்த நிதானத்தை எந்தப் பயிற்சி மைதானமும் கற்றுக்கொடுக்காது.

இப்படி ஊறப்போட்டு வைத்தவரைத்தான் ஒருநாள் திடீரென்று உலகத்தின் முன் தள்ளுகிறார்கள். 1990 இத்தாலி உலகக் கோப்பையில், சோவியத் யூனியனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அர்ஜென்டினாவின் முதல் கோல்கீப்பருக்குக் கால் முறிந்தது. உள்ளே வந்த மாற்று ஆள் கொலம்பியாவில் ஆடிக்கொண்டிருந்தவர். நடுவர் ஒருவர் கொலை செய்யப்பட்டதால் 1989-இல் அந்த நாட்டு லீக்கே பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் ஃப்ளாரன்ஸில் யூகோஸ்லாவியாவையும் நேபிள்ஸில் இத்தாலியையும் ஷூட்-அவுட்டில் வீழ்த்தி, அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துப்போனார். பெஞ்சுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. ஒரு கால் முறியாமல் போயிருந்தால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்?

2006 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் நடந்தது இன்னும் விபரீதம். லண்டனிலிருந்து வந்த பெரிய அணி ஒன்றின் முதல் கோல்கீப்பருக்கு ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே மண்டையோட்டில் எலும்பு முறிவு. இரண்டாவது ஆளும் கடைசி நிமிடங்களில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனார். கேப்டனாக இருந்த டிஃபெண்டர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்று 1-0 வெற்றியைக் காப்பாற்றினார். முதல் ஆள் சில மாதங்களில் தலைக்கவசத்தோடு திரும்பிவந்தார். அதற்குமேல் அந்த அணியில் மற்றவர்களுக்கு ஏது இடம்?

கோல்கீப்பருக்கு ஆயுசு கெட்டி என்பது உண்மைதான். எகிப்துக்காரர் ஒருவர் 2018-இல் வோல்கோகிராடில் சவூதி அரேபியாவுக்கு எதிராக, தன் 45-ஆவது வயதில், முதல் தடவையாக உலகக் கோப்பையில் ஆடினார். ஒரு பெனால்டியையும் தடுத்தார். அதற்கு முந்தைய வயதுச் சாதனையும் ஒரு கோல்கீப்பருடையதே. கொலம்பியாக்காரர், 43 வயது. 2014-இல் ஜப்பானுக்கு எதிராக கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறங்கினார். உலகக் கோப்பையில் அவருடைய முந்தைய ஆட்டம் 1998-இல்! இடையில் பதினாறு வருடம். படிக்கும்போது புல்லரிக்கிறது, சரி. ஆனால் மேலே இருக்கிறவர் நாற்பதைத் தாண்டியும் இறங்காவிட்டால், கீழே வரிசையில் நிற்கிற இருபது வயதுக்காரனுக்கு எப்போது முறை வரும்?

நம் கதை ஒன்றும் உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இறுதி ஆட்டத்தில் கம்பத்துக்கு நடுவே நின்றவர், ராணுவ அணியிலிருந்து வந்த நெடிய உருவத் தமிழர். காய்ச்சலில் படுத்து எழுந்து வந்து நின்றார். அவர் படுத்திருந்தபோது அரையிறுதியில் நின்று அணியை இறுதிக்குக் கொண்டுவந்த இளையவர், அன்று வெளியே உட்கார்ந்தார். பயிற்சியாளரின் கணக்கு தவறவில்லை, தங்கமே வந்துவிட்டது. ஆனாலும் அந்த அரையிறுதிக் கோல்கீப்பரை நினைக்காமல் என்னால் அந்த வெற்றியைப் படிக்க முடிவதில்லை.

சம்பளம் வருகிறது, உடம்பு தேயவில்லை, பதக்கமும் கிடைக்கிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்பவர்களும் உண்டு. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அது சரிதான். அவராக விரும்பி அமர்கிறார். என் பயம் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களைப் பற்றியது. பெரிய கிளப்புகள் நாடு நாடாகத் தேடி இளம் கோல்கீப்பர்களை வாங்கிக் குவிக்கின்றன. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் 25 பேர் பட்டியலை முழுதாக நிரப்ப வேண்டுமென்றால் எட்டுப் பேராவது உள்ளூரில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கை நேர்செய்ய மூன்றாவது கோல்கீப்பர் இடம் வசதியாக அமைந்துவிடுகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது ஆடுவதற்கு அல்ல, பட்டியலுக்கு! லோனில் சின்ன அணிக்கு அனுப்பினால் பிழைத்தான். அனுப்பாமல் ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து வயதில் அவன் கையில் ஐம்பது ஆட்டம்கூட இருக்காது. இன்னொரு கிளப் வாங்க வரும்போது முதலில் கேட்பதே எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான் என்றுதான்.

2022 ஜூனில் கத்தாரில் நடந்த தகுதிச்சுற்றில் ஆஸ்திரேலியாவும் பெருவும் மோதின. அங்கேயும் ஷூட்-அவுட்டுக்காகவே கடைசி நேரத்தில் ஒரு மாற்றுக் கோல்கீப்பர் வந்தார். கோட்டின் மேல் குதித்துக் குதித்து ஆடிய ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் தடுமாற, கடைசி பெனால்டியைத் தடுத்து நாட்டை உலகக் கோப்பைக்கு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து அந்த உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா நான்கு ஆட்டம் ஆடியது. அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

விதியில் இதற்கு வழி செய்ய முடியும். இருபத்து மூன்று வயதுக்குக் குறைந்த கோல்கீப்பரை ஒரு சீசனில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே ஆடவைத்தால், அவன் விரும்புகிற அணிக்கு எந்த மாதத்திலும் லோனில் போக உரிமை கொடுக்கலாம். ஆட்டக்காரர் மாற்றத்துக்கான கெடு தேதி கோல்கீப்பருக்கு வேண்டியதில்லை. பெரிய கிளப்புகள் எதிர்க்கும். திடீரென்று அடிபட்டால் ஆளுக்கு எங்கே போவது என்று கேட்கும். சின்ன லீக்குகளில் அப்படி நேர்ந்தால் அவசர லோனில் இன்னொரு கோல்கீப்பரைக் கொண்டுவர இப்போதே அனுமதி உண்டு. அதே வழி பெரியவர்களுக்கும் போதும்.