நிறுத்தி வைத்து ஆடும் சண்டை

வீடியோ கேம் என்றாலே விரல் பறக்க வேண்டும், ஐம்பதை நெருங்கும் நமக்கு அதெல்லாம் சரிப்படாது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு ‘பால்டர்ஸ் கேட்’டை அறிமுகப்படுத்த ஆசை. 1998 டிசம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்த கேம், அப்போது ஐந்து சி.டி. செய்தது கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் கம்பெனி. அதைத் தொடங்கியவர்கள் மருத்துவம் படித்த டாக்டர்கள்! அங்கே ஆரம்ப காலத்திலிருந்தே இருந்த ட்ரென்ட் ஆஸ்டர் பிறகு பீம்டாக் என்று தனிக்கடை போட்டார். அந்தக் கம்பெனிதான் 2012-ல் இதைத் தூசி தட்டி ஐபேடுக்குக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு அதற்கப்புறம்.

கொரோனா சமயத்தில் மகனின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய டேப், அவன் கல்லூரிக்குப் போனதும் என் கைக்கு வந்தது. அடுப்படியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் என்னுடையது.

கதை ஒரு நூலகக் கோட்டையில் ஆரம்பம். கோரியன் என்ற பெரியவர் எடுத்து வளர்த்த அநாதைப் பிள்ளைதான் நாம். ஊரைவிட்டுக் கிளம்பிய இரவே அவரைக் கவசம் போட்ட ஒருவன் வெட்டிச் சாய்க்கிறான். கூட வளர்ந்த இமோயன் என்ற வாயாடிப் பெண் மட்டும் துணைக்கு வருகிறாள். நாட்டில் அப்போது இரும்புப் பஞ்சம்; கையிலிருக்கும் கத்தி சண்டையின் நடுவிலேயே பட்டென்று உடைந்துபோகும். போகிற வழியில் ஆள் சேர்த்துக்கொள்ளலாம், நம்மையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர் வரை. இந்த ஆறு பேரை மேய்ப்பதுதான் ஆட்டமே. முன்னால் நின்று அடிவாங்க ஒருவர், பூட்டுத் திறக்க ஒரு திருட்டுக்கை, காயம் ஆற்ற ஒரு பூசாரி, பின்னால் ஒரு மந்திரவாதி.

அவர்களுக்குள்ளும் ஒத்துப்போக வேண்டும். காலித்தும் ஜஹீராவும் புருஷன் பெண்டாட்டி, நல்லவர்கள். ஸார், மான்டரான் என்று இரண்டு விஷமிகள். நால்வரையும் ஒன்றாகக் கூட்டிப்போனால் ஒருநாள் தங்களுக்குள்ளேயே ஆயுதத்தை உருவிவிடுவார்கள். மின்ஸ்க் என்ற முரடனோ ஒரு வெள்ளெலியைச் சுமந்து திரிகிறான். அது விண்வெளியிலிருந்து வந்த ராட்சத எலி என்று சாதிப்பான். என் குழுவில் அவனுக்கு நிரந்தர இடம்.

விதிகளெல்லாம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸி’லிருந்து வந்தவை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட அந்த விளையாட்டைக் காகிதம், பென்சில், பகடையோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். இங்கே 20 முகப் பகடையைக் கம்ப்யூட்டரே உருட்டிவிடுகிறது. கவச எண் குறையக் குறைய நல்லது என்பதுதான் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். அடிக்கும் திறன் 20, எதிரியின் கவசம் 5 என்றால், கழித்தால் 15. பகடையில் 15-ஓ அதற்கு மேலோ விழுந்தால் அடி படும். கவசம் 2 ஆனால் 18 விழ வேண்டும். காய்கறிக் கடையில் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

சண்டை எப்படி நடக்கும்? ஃப்ரெண்ட்லி ஆர்ம் என்ற சத்திரத்துக்குப் போங்கள். வாசற்படியில் டார்னெஷ் என்ற மந்திரவாதி வந்து பேர் விசாரிப்பான். நம் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். அவன் உதடு அசைய ஆரம்பித்ததும் பாஸ் பொத்தானைத் தொடுகிறேன். படிக்கட்டு, காவலாள், டார்னெஷின் தூக்கிய கை எல்லாம் அப்படியே நிற்கின்றன. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு யோசிக்கலாம். அவன் முதலில் தன்னைப் போலவே சில பிம்பங்களை நிறுத்திக்கொள்வான். அதற்கப்புறம் நம் அடி பிம்பத்தின் மேல்தான் போகும். அடுத்து பயமுறுத்தும் மந்திரம்; நம்மாட்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் நம் மந்திரவாதிக்கு உயிரே 4 புள்ளி, உடம்பு திடமாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு. ஆனால் டார்னெஷ் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அவன்மேல் அடி பட்டால் அது கலைந்துவிடும். ஆகவே இமோயனின் படத்தைத் தொட்டு, பிறகு அவனைத் தொட்டு, அம்புக்கு ஆணை. காலித்தும் ஜஹீராவும் சத்திரத்துக்குள் இருப்பதால் உதவிக்கு வரமாட்டார்கள். பாஸை எடுத்தால் அம்பு பறக்கிறது. பட்டால் அவன் முணுமுணுப்பு பாதியில் நின்றுவிடும். படாவிட்டால் உடனே மறுபடி பாஸ், வேறு யோசனை.

எதிரி கண்ணில் பட்டதும் ஆட்டம் தானாகவே நிற்கும்படி அமைப்பிலேயே சொல்லி வைக்கலாம். வேகத்துக்கு இங்கே வேலையில்லை. அதனால்தான் மவுஸுக்குச் செய்த இந்தப் பழசு தொடுதிரையில் இவ்வளவு நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்பேன். புதுக் கேம்கள் பலவற்றில் கண்ணாடித் திரைமேல் கட்டைவிரலை உருட்டி ஓட வேண்டும், எனக்கு விரல் வழுக்கும். இதில் போக வேண்டிய இடத்தைத் தொட்டால் ஆறு பேரும் நடந்து போகிறார்கள். இரண்டு விரலை விரித்தால் படம் கிட்டே வரும்.

குறை இல்லாமல் இல்லை. கும்பலாக மோதும்போது ஓர் ஆளைத் தொட்டால் பக்கத்து ஆள் அகப்படுவான். ஃபோனில் ஆடவே வேண்டாம், எழுத்து கடுகாகத் தெரியும். வசனம் முழுக்க ஆங்கிலம், படிக்க நிறைய இருக்கிறது. எனக்கு அது குறையல்ல. மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஆளுங்க எல்லாம் எறும்பு மாதிரி இருக்காங்க” என்பான். எறும்புதான், ஆனால் பின்னணியில் தீட்டி வைத்த காடும் கூரையும் ஓவியம் மாதிரி இருக்கும். அவன் ஆடும் மூன்றாம் பாகம் 2023-ல் பெல்ஜியத்து லாரியன் ஸ்டூடியோஸ் செய்தது. பார்க்கப் பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் டேப்பில் ஓடாது.

தொடங்குகிறவர்கள் கஷ்ட அளவைக் கீழே இறக்கி வையுங்கள். ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் சேவ் செய்யுங்கள். மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டால் தூங்கி எழுந்தால்தான் அது மறுபடி கிடைக்கும். காட்டில் படுத்தால் ஓநாய் வரலாம், காசு போனாலும் சத்திரத்தில் படுங்கள். ஆளை அவசரத்தில் உருவாக்காதீர்கள், பேர் உட்பட. முடித்த பிறகு அதே ஆளை, கற்ற வித்தையோடு, இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம். அதுவும் டேப்பில் கிடைக்கிறது.