நடுங்கி அடைகாக்கும் தாய்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பர் நம்மனோர். ஆயின் தன் முட்டைகளின் பொருட்டுத் தானே நடுங்கும் பாம்பொன்று நம் நாட்டில் உண்டென்பதைப் பலரும் அறியார். அதுவே பண்டைத் தமிழர் மாசுணம் என்று வழங்கிய மலைப்பாம்பு.

முட்டையிடும் பாம்புகளுட் பெரும்பாலன இட்டபின் அவற்றை விட்டு அகன்றுபோம். மலைப்பாம்போ தன் முட்டைகளை ஒன்றாகக் குவித்து, அவற்றைச் சுற்றி வளையம்மேல் வளையமாகத் தன் உடலைச் சுருட்டி, ஏறக்குறைய இரண்டு திங்கள் காத்துக் கிடக்கும். அக்காலத்து அது பெரும்பாலும் இரைகொள்வதில்லை.

பாம்பின் உடல் புறத்தேயுள்ள வெப்பத்தையே சார்ந்ததன்றோ? அஃது எங்ஙனம் முட்டைக்கு வெம்மை ஊட்டவல்லது என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இந்தியாவில் மலைப்பாம்பு அடைகாப்பதைக் கண்ட லாமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சு யாத்திரிகர், 1832-இல் அதனைப் பாரிஸ் நகரத்து விஞ்ஞான சபைக்கு எடுத்துரைத்தார். அறிஞர் அதனை ஏற்றிலர். 1841-இல் அந்நகரத்து மிருகக்காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வாலென்சியன் என்னும் அறிஞர் உஷ்ணமானி கொண்டு அளந்து, அதன் சுருளினிடையே சுற்றிலுமுள்ள காற்றினும் வெம்மை மிக்கிருத்தலைக் கண்டார். யாத்திரிகர் கூற்று மெய்யாயிற்று.

அவ்வெம்மை பிறக்கும் வகையை, 1966-இல் ஹச்சிசன், டவுலிங், வினகர் என்னும் மூவர் தம் ஆராய்ச்சியால் விளக்கினர். அவர் ஆராய்ந்தது, அக்காலத்து இந்திய மலைப்பாம்பின் ஓர் உட்பிரிவாகக் கருதப்பட்ட பர்மிய மலைப்பாம்பு. சூழலின் வெப்பம் 33 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கின், தாயின் தசைகள் விட்டுவிட்டுத் துடிக்கும். அத்துடிப்பால் உடலின் வெம்மை உயரும். குளிரில் நாம் நடுங்குதலும் இத்தன்மையதே. அன்றியும், மெல்லிய தோல்போன்ற ஓடுடைய முட்டைகள் ஈரம் இழந்து வற்றாதவாறும் அச்சுருள் காக்கின்றது.

மனிதர் முட்டைகளைப் பிரித்தெடுத்து, வெப்பமும் ஈரமும் அளந்த பெட்டியில் வைத்துப் பொரிப்பித்தலும் உண்டு. ஆண்டும் கோழிமுட்டையைப்போல் அவற்றைப் புரட்டலாகாது. உள்ளே ஓட்டினை ஒட்டி வளரும் கரு அழிதல் கூடும். தாயோ எவரும் கற்பியாமலே, வேண்டுங்கால் நடுங்கியும் வேண்டாக்கால் ஓய்ந்தும் தன் கடன் ஆற்றுகின்றது.

எனினும் நம் நாட்டில் மலைப்பாம்பை வீட்டில் வளர்த்தல் சட்டத்திற்கு முரணானது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர் இது. இதனைக் கொல்லுதலும் பிடித்தலும் மட்டுமன்றி, இதன் முட்டைகளை எடுத்தலும் குற்றமாம்.

ஏனாத்தூரேயாயினும் பிற சிற்றூரேயாயினும், புதரிடையே பெரும்பாம்பொன்று சுருண்டு கிடப்பக் காணின், முதலில் கைக்கு எட்டுவது கோலே. மலைப்பாம்புக்கு நஞ்சில்லை. அஃது அசையாது கிடத்தல் இரையுண்ட மயக்கத்தால் மட்டுமன்று. வயிற்றுப் பசியோடு மக்களைக் காக்கும் பொருட்டாகவும் இருத்தல் கூடும். அங்ஙனம் கிடக்கும் தாயை ஓர் அடியாற் கொல்வோர், அதன் சுருளினுள் உள்ள உயிர்கள் அனைத்தையும் உடன் கொன்றவராவர். ஆகலின் கோலை நிறுத்தி, எட்ட நின்று, வனத்துறையினர்க்கு அறிவித்தலே நாம் செய்யத்தகுவது.