பழைய சைக்கிளுக்கு ஒற்றைப் பல்சக்கரம்



பெரட்டுக்குப் போகவும், பால் வாளி கட்டவும், ஜாசின் கடைத்தெருவுக்குப் போய் வரவும் நம் தோட்டத்து மக்களுக்கு ஒரு காலத்தில் சைக்கிள்தான் துணை. அந்தக் கனத்த சைக்கிள்களுக்குக் கியர் கிடையாது. அதனாலேயே அவை நெடுநாள் உழைத்தன. பின்னால் வந்த கியர் சைக்கிள்கள் பல இன்று வீட்டுப் பின்புறத்தில் துருவேறிச் சாய்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் கெட்டிருப்பது கியர் மாற்றும் கருவி மட்டுமே. செம்மண் சேறு படிந்து அதன் ஸ்பிரிங் இறுகிவிடுகிறது, கம்பி துருப்பிடித்து அறுந்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு ஒரே பல்சக்கரத்தில் ஓடச் செய்தால் பிள்ளை பள்ளிக்குப் போக வண்டி தயார்.

முதலில், பின்சக்கர அச்சு உட்காரும் பிளவைப் பாருங்கள். அது படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் செயினை இழுத்துப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். பழைய அடுக்குப் பல்சக்கரம் மரையில் திருகியதாக இருந்தால், சைக்கிள் கடையில் அதைக் கழற்றி ஒற்றை ஃப்ரீவீல் பூட்டித் தருவார்கள். முன்சக்கரத்தில் 42 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் இரண்டேகால் சுற்றுக்குச் சற்று மேல் போகும். லேடாங் மலையடிவாரத்து அசஹான் போன்ற மேட்டுப் பாதைக்கு 18 பல்லே நல்லது. சமவெளிச் சாலைக்கு 16 போதும்.

முன், பின் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோணலாக ஓடும் செயின் கழன்று விழும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் குண்டுகள் தேய்ந்துவிடும்.

இளைஞர்கள் சிலர் ஃப்ரீவீலுக்குப் பதில் சக்கரத்தோடு பிணைந்த பல்சக்கரம் கேட்பார்கள். அதில் வண்டி ஓடும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்த முடியாது. நீலாயில் உள்ள தேசிய வெலோட்ரோம் போன்ற பந்தயத் தளத்தில், எல்லாரும் ஒரே திசையில் ஓட்டும் இடத்தில், பிரேக்கில்லாத அத்தகைய வண்டிக்கு இடமுண்டு. லாரி வரும் சாலையில் இல்லை. அதற்கென்று செய்த சக்கரக் குடத்தில் இடப்பக்கமாகத் திருகும் பூட்டு வளையம் இருக்கும். சாதாரணக் குடத்தில் அது கிடையாது. பின்னோக்கி மிதித்தால் பல்சக்கரமே கழன்றுவிடும்.

பையன்கள் கியரைக் கழற்றும் சாக்கில் பிரேக்கையும் கழற்றுவதுதான் நாம் அஞ்சுவது. மலாயில் 'பாசிக்கால் லாஜாக்' என்று சொல்லும் மாற்றியமைத்த சைக்கிள்களில் இது வழக்கம். 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியுமுன், ஜொகூர் பாருவில் அத்தகைய சைக்கிள்களில் கூட்டமாக வந்த சிறுவர்கள் மீது கார் மோதி 8 பேர் மாண்டனர்.

வேலை முடிந்ததும் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். பின்சக்கரம் மேலெழ வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். கட்டை தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிய பிறகே பிள்ளை கையில் கொடுங்கள்.