பெட்டியின் விலை

நான் சொன்ன ஆலோசனை ஒன்று பொய்த்துப்போன கதை இது. பொருளாதாரம் பயிலும் மாணவனுக்கு வெட்கம் தரும் செய்திதான். ஆயினும் என் பிழையைக் கேட்டு, சங்க அன்பர் ஒருவரின் பணமேனும் மிஞ்சுமானால் அந்த வெட்கம் பெரிதன்று.

2021 பிப்ரவரி 2-ஆம் நாள் ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டி அது. விலை ரூ. 49,990. திருச்சியிலிருக்கும் என் தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் பாதிப் பணம் தருவதாக அப்பா வாக்களித்திருந்தார். ஆனால் அவ்வாண்டு கொள்ளை நோயினால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்கவில்லை. எல்லோரும் தேறியதாக அறிவித்துவிட்டார்கள். "எழுதாத பரீட்சைக்குப் பரிசா?" என்றார் அப்பா. வழக்கு தில்லியிலிருந்த என்னிடம் வந்தது. "நீதானேடா பொருளாதாரம் படிக்கிறாய், நீயே சொல்லு" என்று அவர் கேட்க, நானும் தயங்காமல் தீர்ப்பு வழங்கினேன்: "ஓராண்டு பொறுத்திரு தம்பி. இந்தப் பெட்டிகளின் விலை எப்போதும் இறங்கத்தான் செய்யும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டும்.

செலவோடு இலாபத்தைக் கூட்டி விலை வைப்பது ஊர் வழக்கம். வீடியோ கேம் பெட்டிக்கு அந்த வழக்கம் செல்லாது. புதிதாக வரும் பெட்டியை அடக்க விலைக்கோ, அதற்கும் கீழேயோ விற்பது இத்துறையில் புதுமையன்று. பிறகு வருமானம் எங்கிருந்து? ஆட்டங்களிலிருந்து. பிறர் தயாரிக்கும் ஆட்டம் ஒவ்வொன்றும் விற்கும்போது பெட்டிக்காரருக்குப் பங்கு உண்டு. இணையக் கடை வழியே விற்றால் அது ஏறத்தாழ 30 விழுக்காடு. மாட்டை நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு, கறக்கும் பாலில் காலமெல்லாம் பங்கு கேட்பது போன்ற வியாபாரம் இது. நாளாக ஆக உள்ளிருக்கும் சில்லுகளின் உற்பத்திச் செலவும் குறையும். ஆகவே விலையைத் தாழ்த்தி, முன்பு வாங்க இயலாதவரையும் உள்ளே இழுக்கலாம். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-இல் 299 டாலருக்கு வந்தது; 2002-இல் 199 ஆயிற்று; 2009-இல் 99-க்கு இறங்கிற்று. என் தீர்ப்புக்கு ஆதாரம் இதுவே.

முதல் விலையை நிர்ணயிப்பதில் எதிரியின் விலைக்கும் பெரும் பங்குண்டு. இதற்கு 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஸேகா கம்பெனி தன் 'ஸாட்டர்ன்' பெட்டி அன்றே கடைகளுக்கு வந்துவிட்டதென்றும், விலை 399 டாலர் என்றும் திடீரென அறிவித்தது. பின்னர் ஸோனியின் முறை வந்தது. அதன் அமெரிக்கக் கிளைத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். நீண்ட சொற்பொழிவை எதிர்பார்த்தவர்கள் கேட்டது ஒரே ஓர் எண்: "299." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்! அரங்கம் ஆர்ப்பரித்தது. அதுமட்டுமன்று, ஸேகாவின் அவசரத்தால் சரக்குக் கிடைக்காத கடைக்காரர்கள் சினங்கொண்டார்கள். 2001-இல் ஸேகா பெட்டித் தொழிலையே விட்டுவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், அந்த நூறு டாலர் வித்தியாசத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

வென்றவனுக்குத் தலை கனப்பதும் இயல்பு. 2006-இல் ஸோனி பிளேஸ்டேஷன் 3-க்கு 499, 599 டாலர் என்று இரு விலைகள் வைத்தது. போட்டியாளரான நின்டெண்டோவின் 'வீ' 250 டாலர்தான். பிளேஸ்டேஷனின் தந்தை எனப்படும் கென் குடராகியோ இந்த விலை மலிவு என்ற பொருள்படப் பேசினார். ஒருவகையில் அவர் சொன்னது பொய்யன்று. ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, அதன் அடக்கச் செலவு 800 டாலருக்கு மேல் என மதிப்பிட்டது. வாங்குபவனுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? அவன் பார்ப்பது தன் பையை அல்லவா? ஜப்பானில் விற்பனை தொடங்குமுன்பே சிறிய வகையின் விலையை 62,790 யென்னிலிருந்து 49,980 ஆகக் குறைக்க நேர்ந்தது. அந்த நிதியாண்டில் ஸோனியின் விளையாட்டுப் பிரிவு அடைந்த நஷ்டம் 23,230 கோடி யென்.

மீண்டும் தம்பியின் வழக்குக்கு வருகிறேன். அமெரிக்காவில் அவன் கேட்ட பெட்டி 499.99 டாலர். அன்றைய மாற்று விகிதப்படி சுமார் ரூ. 36,500. அதன்மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் இறக்குமதித் தீர்வையும் ஏறியே நம் கடைக்கு வந்தது. புதிய ஆட்டம் ஒன்றுக்கு ரூ. 4,999. பத்து ஆட்டம் வாங்கினால் இன்னொரு பெட்டியின் விலை! நல்லவேளை, இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லவில்லை.

தம்பி பொறுத்திருந்தான். 2022 நவம்பரில் விலை மாறியது. இறங்கவில்லை, ரூ. 54,990 ஆக ஏறியது. தம்பியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "அண்ணா, பொருளாதாரம் சௌக்கியமா?"

எங்கே தவறினேன்? நுண்ணிய சில்லுகளின் செலவு பழைய வேகத்தில் குறைவது நின்றுவிட்டது; அதை நான் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, ரூபாயை மறந்தது. பிப்ரவரி 2021-இல் டாலருக்குச் சுமார் 73 ரூபாய். நவம்பர் 2022-இல் சுமார் 82. அமெரிக்காவில் அப்போது விலை மாறவேயில்லை. ஆனால் அதே 500 டாலர் நமக்கு, வரி சேராமலே, ரூ. 4,500 கூடிவிட்டது. ஏறியது பெட்டியன்று, டாலர். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலேயே விலை 50 டாலர் ஏறியது. அவ்வாண்டு ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு ஜப்பானில் இரு விலைகள்: ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பலமொழிப் பெட்டி 69,980 யென். யென் மெலிந்திருந்த காலத்தில் உள்ளூரார்க்கு மலிவாகக் கொடுக்கவும், வெளிநாட்டார் அள்ளிச் செல்லாதிருக்கவும் மொழியே வேலியாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் தட்டு போடும் வாயில்லாத வகைக்கு இங்கே அறிவித்த விலை ரூ. 39,990. பத்தாயிரம் ரூபாய் குறைவு ஒரு சிறு கருவி இல்லாததனால் மட்டும் என்று நான் நம்பவில்லை. தட்டு இருந்தால் நண்பனிடம் இரவல் வாங்கலாம், பழையதை விற்கலாம். அந்தக் கைமாற்றில் கம்பெனிக்குச் சல்லிக்காசு கிடையாது. வாயில்லாப் பெட்டி வாங்கியவனோ கம்பெனியின் இணையக் கடைக்கே போக வேண்டும்.

இதை நான் தம்பிக்குச் சொல்லித்தரவில்லை. 2023-இல் கல்லூரி விடுதியைக் காலி செய்த சீனியர் ஒருவரிடமிருந்து பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ, ஆறு தட்டுகளோடு, ரூ. 14,000-க்கு வாங்கிவிட்டான். வாங்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.