பழைய தோட்ட டிராக்டரும் புதிய டயரும்

பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன பண்ருட்டிப் பகுதியில், 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கரையேறிய 'தானே' புயலால் தோப்புகள் அடைந்த சேதம் யாவரும் அறிந்ததே. அதன் பின்னர்ப் புதிதாக நடப்பெற்ற தோப்புகளில் ஒட்டுக்கன்றுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. முந்திரிக்கு வழக்கமான இடைவெளி 7 மீட்டருக்கு 7 மீட்டர். அடர்நடவு முறையில் 5 மீட்டருக்கு 4 மீட்டர். இவ்வரிசைகளுக்கிடையே களையை மடக்கி உழவும், மரங்கள் நிழல் கட்டும் வரையில் நிலக்கடலை ஊடுபயிராக இடவும் பெரிய டிராக்டரைக் காட்டிலும் சிறிய தோட்ட டிராக்டரே ஏற்றது. அது தாழ்ந்த கிளைகளை ஒடிப்பதில்லை. குறுகிய இடத்திலும் திரும்பும்.

ஆயினும் இத்தகைய சிறு டிராக்டர்களுட் பழையவை, டயர் அற்ற காரணத்தால் கொட்டகையில் முடங்குவதுண்டு. எஞ்சினையும் பல்சக்கரங்களையும் பட்டறைக்காரர் சீர்செய்து விடுவர். டயரின் செய்தி வேறு. முற்காலத்து டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரங்களே இருந்தன. 1932-ல் அமெரிக்காவின் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார் காற்றடைத்த டயர்களைப் பொருத்தி விற்கத் தொடங்கிய பின்னரே ரப்பர்ச் சக்கரம் பரவிற்று. இரும்பு நின்றவிடத்தில் நெடுங்காலம் இருக்கும். ரப்பரோ ஓடாமல் நின்றாலும் வெயிலில் வெடித்து வீணாகும். உடையவர் கடைக்குச் சென்று, "இந்த அளவு இப்போது வருவதில்லை" என்ற விடையைக் கேட்டு, நல்ல எஞ்சினையும் சேர்த்துக் காயலான் கடைக்கு எடைபோட்டு விற்றுவிடுகிறார். அல்லது கண்ணளவில் ஒத்ததொன்றை வாங்கி நஷ்டப்படுகிறார். டயரின் எண்ணைச் சரிவர அறிந்து கேட்பின் இவ்விரு நஷ்டமும் பெரும்பாலும் நேராது.

எண்ணை அறியும் முறை

டயரின் பக்கச்சுவரில் '8.00-18' என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. ரிம்மை அளக்குங்கால், வெளி உதட்டை அளத்தல் பிழை. டயரின் உள்விளிம்பு அமரும் படியிலிருந்து எதிர்ப்படி வரையில் அளத்தல் வேண்டும். முன்னர் வைத்திருந்தவர் வேற்றளவு டயரை மாட்டியிருத்தலும் கூடும். ஆகையால் டயரின் எண்ணையும், ரிம்மின் அளவையும், டிராக்டரின் கைப்புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம்.

பெங்களூரில் 1967-ல் தோன்றிய வி.எஸ்.டி. கம்பெனியாரின் 'மித்சுபிஷி சக்தி' எம்.டி. 180 டி என்னும் சிறு டிராக்டருக்கு முன்சக்கரம் 5.20-14, பின்சக்கரம் 8.00-18. பவர் டில்லர்களிற் பலவற்றுக்கு 6.00-12. மாஸ்ஸி பெர்குஸன் 1035 போன்ற நடுத்தர வண்டிகளுக்கு முன்னே 6.00-16, பின்னே 12.4-28. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பெற்ற பெர்குஸன் டி.இ. 20 வண்டிக்கு முன்னே 4.00-19, பின்னே 10-28.

பழைய எண்கள் சில பெயர் மாறியிருக்கின்றன. முன்னாளில் 10-28 எனப்பட்டதே பின்னர் 11.2-28 ஆயிற்று, 11-28 என்பது 12.4-28 ஆயிற்று. ரேடியல் டயர்களில் இவற்றுக்கு நேரானவை முறையே 280/85 ஆர் 28, 320/85 ஆர் 28 ஆகும். 11-28 என்று கேட்டு இல்லையென்று திரும்பியவர், 12.4-28 என்று கேட்டால் அதே கடையிற் பெறக்கூடும். கம்பெனியின் பெயரைத் தேடி அலைதல் வேண்டுவதில்லை. மேற்கு வங்காளத்துச் சாஹாகஞ்சில் 1936-ல் ஏற்பட்ட டன்லப் ஆலை இன்று இயங்கவில்லை. எனினும் அவ்வாலையின் டயர் இருந்த ரிம்மில் அதே அளவுள்ள பிற கம்பெனி டயர் பொருந்தும்.

ரிம்மின் நிலை

டயரை வாங்குமுன் ரிம்மைப் பார்க்க வேண்டும். பாரத்திற்காகப் பின்சக்கரத்தில் நீர் நிரப்பும் வழக்கமுண்டு. ட்யூப் கசியின் அந்நீர் ரிம்மை உள்ளிருந்தே அரிக்கும். குளிர் நாடுகளிலிருந்து வந்த வண்டியில் கால்சியம் குளோரைடு கலந்த நீர் இருந்திருப்பின் அரிப்பு இன்னும் மிகுதியாகும். துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி வர்ணம் பூசலாம். விளிம்பு மெலிந்தோ வெடித்தோ இருப்பின் ரிம்மையே மாற்றல் வேண்டும்.

அளவு ஒத்தும் ஆகாதவை

5.20-14 என்பது பிரீமியர் பத்மினி காருக்கும் உரிய அளவு. 6.00-16 பழைய ஜீப்பின் அளவு. ஆதலால் அவ்வண்டிகளின் டயர்களை டிராக்டரின் முன்சக்கரத்தில் மாட்டுவோர் உளர். ரிம்மில் அது அமரும், உழவிற்கு உதவாது. டிராக்டரின் முன்டயரில் சுற்றிலும் ஓடும் உயர்ந்த வரிகள் மண்ணைப் பற்றி வண்டியைத் திருப்புகின்றன. அவ்வரிகளற்ற டயர், ஸ்டியரிங்கை ஒடித்தாலும் செம்மண் மணலில் நேரே வழுக்கிச் செல்லும். கன்றுகளின் மேல் வண்டி ஏறிவிடும்.

'பிளை' எண்ணையும் பழைய டயருக்குக் குறையாமற் கொள்ளல் நன்று. கருவேல முள் மிகுந்த தோப்புகளில் மெல்லிய டயர் தாங்காது. சேற்று வயலுக்கான ஆழ்ந்த மேடுகளுள்ள பின்டயர், தார்ச்சாலையில் விரைந்து தேயும். முந்திரிக் கொல்லைக்குச் சாதாரண மேடுள்ளதே போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்பின் சக்கரங்களின் சுற்றளவு ஒரு விகிதத்தில் அமைந்தது. ஒன்றின் அளவை மட்டும் மாற்றினால் பல்சக்கரங்கள் கெடும்.

டயரின் வயது

பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் தனித்துக் காணப்படும். 2319 என்றிருப்பின், 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்ததென்று கொள்க. அருகிய அளவுகள் மெதுவாக விற்பதால் கடையிலேயே பல வருஷம் கிடந்து முதிர்வதுண்டு. ஆகவே புதிய டயராயினும் இவ்விலக்கத்தைப் பாராமல் வாங்கலாகாது. பக்கச்சுவரை அழுத்தி நுண்வெடிப்பு உளதா என்று நோக்குக. பிரித்த வண்டிகளின் பழைய டயரை வாங்க நேரின், கட்டுறுதியுள்ளதைப் பின்சக்கரத்திற்குக் கொள்ளலாம். திருப்பும் முன்சக்கரத்திற்குப் புதியதே தக்கது. ட்யூப் எப்போதும் புதிதாக இருக்கட்டும்.

மாட்டுதல்

பின்டயரின் மேடுகள், வண்டியின் பின்னே நின்று பார்ப்பவருக்குக் கூரைமுகடு போல முனை மேலாகத் தோன்றவேண்டும். தலைகீழாயின் பிடிப்புக் குறையும். சேறு கழலாமல் ஒட்டிக்கொள்ளும். மாட்டுகையில் விளிம்புக்குச் சோப்பு நீர் தடவுக; கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். விளிம்பு அமர்வதற்காகச் சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டுக்கு மேற் காற்றழுத்தம் ஏற்றலாகாது. அமராவிடில் காற்றை முற்றும் இறக்கி, மீண்டும் சோப்பு நீர் தடவி முயல்க. பொருந்தா அளவு டயரைக் காற்றின் வலியால் அமர்த்த முயன்று, அது வெடித்து உயிரிழந்தோர் உண்டு. காற்றேற்றுபவர் சக்கரத்திற்கு எதிரே நிற்காமல், நீண்ட குழாயுடன் விலகி நிற்றல் வேண்டும்.

முடிவாகக் கவனிக்க வேண்டியவை

பழைய டிராக்டரை வாங்குவோரும், சங்கங்களிலும் ஊராட்சிகளிலும் கிடக்கும் வண்டிகளை ஏலத்திற்குக் கொணரும் கிராம அதிகாரிகளும், டயரின் எண்ணையும் ரிம்மின் நிலையையும் பட்டியலிற் குறித்தல் நலம். ரிம்மும் பல்சக்கரமும் சேர்ந்து கெட்ட வண்டியாயின், செலவைக் கூட்டிப் பார்த்து, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியைக் கொள்வதே சிக்கனமாகலாம். ரிம்மும் எஞ்சினும் நல்லனவாயின் டயர் இல்லையென்று விற்றுவிடுதல் தகாது. டயரின் எண்ணை மட்கார்டின் உட்புறத்தில் வர்ணத்தால் எழுதி வைப்பின், அடுத்த முறை வாங்கச் செல்பவருக்கு அது உதவும்.