ஐந்து பேரை மூன்றாக எண்ணிய கணக்கு

அமெரிக்காவில் அடிமை முறை பரவுவதை எதிர்த்தவர்கள் எல்லோரையும் இரக்கம்தான் தூண்டியது என்று நினைக்கிறோம். பலரைத் தூண்டியது ஒரு பின்னக் கணக்கு.

1787-இல் எழுதிய அரசியல் சாசனம், பிரதிநிதிகள் சபையின் இடங்களை மக்கள்தொகைப்படி பங்கிட்டது. ஓட்டே இல்லாத அடிமைகளை அதில் சேர்ப்பதா? சேர்க்கலாம், ஐந்து பேரை மூன்று பேராக என்று சமரசம் ஆனது. ரேஷன் அட்டையில் பெயர் அடிமையுடையது; அரிசி போவது எஜமானர் வீட்டுக்கு!

1790 கணக்கெடுப்பைப் பாருங்கள். அடிமையல்லாதோர் வர்ஜீனியாவில் சுமார் 4,55,000. பென்சில்வேனியாவில் சுமார் 4,31,000. 33,000 பேருக்கு ஓர் இடம் என்று வகுத்தால் இரண்டுக்கும் 13 இடங்கள்தான். ஆனால் வர்ஜீனியாவில் 2,92,000-க்கும் அதிகமான அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் மூன்று பங்கைக் கூட்டியதும் அதற்கு 19 இடங்கள் கிடைத்தன. பென்சில்வேனியா 13-லேயே நின்றது.

இந்தக் கணக்கு அதிபர் மாளிகை வரை நீண்டது. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர் குழுவின் அளவும் இதே இடங்களைப் பொறுத்ததுதான். 1800 அதிபர் தேர்தலில் ஜெஃபர்சன் 73 தேர்வாளர் வாக்கு, ஆடம்ஸ் 65. அடிமைகளை எண்ணாதிருந்தால் ஆடம்ஸ் வென்றிருப்பார் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபராக இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள்.

1819-இல் மிசூரி மாநிலமாகச் சேரக் கேட்டபோது வட மாநிலங்கள் விழித்துக்கொண்டன. சாசனத்தில் கையெழுத்திட்ட ரூஃபஸ் கிங்கே எழுந்தார்: அந்த ஐந்தில் மூன்று சலுகை பழைய மாநிலங்களுக்குத் தந்தது, புதிய மண்ணுக்கு எதற்கு? செனட்டில் மாநிலத்துக்கு இருவர்; அந்த ஆண்டு முடிவில் அடிமை மாநிலங்களும் சுதந்திர மாநிலங்களும் 11-க்கு 11. அதனால் 1820-இல் மிசூரியை அடிமை மாநிலமாகவும் மெய்னைச் சுதந்திர மாநிலமாகவும் சோடி சேர்த்தே ஏற்க ஒப்புக்கொண்டார்கள்.

1846-இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் டேவிட் வில்மட் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்றார். அடிமைகள் மீதான பரிவால் அல்ல, வெள்ளை உழைப்பாளிகளுக்கு அந்த நிலம் வேண்டும் என்பதால். அவர் முன்மொழிந்த திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. தன்னலம் கலந்த இந்த எதிர்ப்பும் சேர்ந்துதான் 1860 அதிபர் தேர்தலில் லிங்கனை வெல்ல வைத்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின், 1868-இல் சாசனத்தின் 14-ஆம் திருத்தம் அந்தப் பின்னத்தை நீக்கியது. விடுதலையானவர்கள் முழு மனிதர்களாக எண்ணப்பட்டார்கள். தெற்கின் பங்கும் கூடியது. பிறகு அதே தெற்கு, வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்து அவர்களுடைய ஓட்டைப் பறித்தது. அதை மீட்கும் வாக்குரிமைச் சட்டம் 1965-இல்தான் வந்தது.