கெப் வாகனத்தின் சில்லுக் கோணலைக் கண்டறிதல்

உயிலங்குளம், முருங்கன், கட்டுக்கரைக்குளத்தைச் சூழ்ந்த வயலூர்கள் ஆகியவற்றில் கெப் என்று வழங்கும் பிக்கப் வாகனம், அறுவடைக் காலத்தில் நெல்மூட்டையையும் ஏனைய நாட்களில் மீன்பெட்டி, பனிக்கட்டி, சீமெந்து ஆகியவற்றையும் சுமந்து, காலையில் வயற்பாதையிலும் மாலையில் மதவாச்சி–தலைமன்னார் ஏ14 வீதியிலும் ஓடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டமையால், இருக்கும் பழைய கெப்பைப் பேணி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. அத்தகைய வாகனங்களைப் பற்றி அடிக்கடி எழும் முறைப்பாடுகள் இரண்டு: ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, ரயர் ஒரு கரையில் மட்டும் தேய்கிறது. உடனே வீல் எலைன்மன்ட், அதாவது சில்லுகளின் நேரமைவு, பிழைத்துவிட்டது என முடிவுசெய்து முன்சில்லுகளைத் திருத்துவது வழக்கமாயினும், சில மாதங்களில் அதே தேய்வு திரும்பி வருவதுண்டு; கோளாறு முன்னால் இல்லாமல் பின்னச்சில் இருந்தால் முன்சில்லுகளைத் திருத்துவதனால் அது தீராது.

நேரமைவு என்பது முதன்மையாக மூன்று கோணங்களைக் குறிக்கும். வாகனத்தின் முன் நின்று பார்க்கையில் சில்லின் மேற்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கையில் இரு முன்சில்லுகளின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ இருப்பது டோ. நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். பக்கத்திலிருந்து பார்க்கையில், முன்சில்லு எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சின் மேல்நுனி பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன்கவர் சாய்ந்திருப்பதைப் போன்ற இந்தச் சாய்வே, வளைவில் திருப்பிய ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திரும்பச் செய்கிறது. இடம் வலம் காஸ்டர் வேறுபட்டால் வாகனம் காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு இழுக்கும். கேம்பர் வேறுபட்டால் மேற்பகுதி கூடுதலாக வெளிச்சாய்ந்த சில்லின் பக்கத்துக்கு இழுக்கும். டோ பிழைத்தாலோ பெரும்பாலும் இழுவை தோன்றுவதில்லை. ஸ்டியரிங் கோணலாக நிற்பதும் ரயர் விரைவாகத் தேய்வதுமே அதன் அடையாளங்கள். எனவே எந்தக் கோணம் பிழைத்தது என்பதை வாகனத்தின் நடத்தையே ஓரளவு சொல்லிவிடும்.

மூன்றிலும் ரயரை மிகுதியாகத் தின்பது டோ. 700 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரயர் ஒன்றின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நேர்கோட்டிலிருந்து 5 மில்லிமீற்றர் வேறுபட்டு நிற்குமானால், அச்சில்லு ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஏறக்குறைய 7 மீற்றர் பக்கவாட்டாக விலக முயன்று, விலக முடியாமல் வீதியில் உரசிக்கொண்டே வருகிறது. மன்னாரிலிருந்து மதவாச்சி வரையான ஏறத்தாழ 85 கிலோமீற்றர் பயணத்தில் அந்த உரசல் 600 மீற்றர் அளவுக்குச் சேர்ந்துவிடும். கண்ணுக்கு நேராகத் தெரியும் சில்லு ஒன்று, புதிய ரயரை ஒரு பருவத்துக்குள் வழுவழுப்பாக்கிவிடுவதன் காரணம் இதுவே.

ஆதலின் கண்டறிதல் ரயரிலிருந்து தொடங்குகிறது. இரு கரைகளும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. ஒரு கரை மட்டும் சீராக வழித்தெடுத்தாற்போல் தேய்ந்தால் கேம்பர். ஆங்காங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால் சொக் அப்சோபரின் தளர்வோ சில்லின் சமனின்மையோ காரணமாகலாம். டோவின் தேய்வைக் கண்ணைவிடக் கையே நன்கு அறியும். உள்ளங்கையை ரயரின் குறுக்கே வெளிக்கரையிலிருந்து உட்கரைக்கு ஒருமுறையும், உட்கரையிலிருந்து வெளிக்கரைக்கு ஒருமுறையும் மெல்லத் தடவினால், பட்டிகளின் ஓரங்கள் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரம்போல் கூராகவும் படும். வெளியிலிருந்து உள்ளே போகையில் மென்மையாகவும் திரும்புகையில் கூராகவும் இருந்தால் டோ-இன் மிகை, மறுதலையானால் டோ-அவுட். அறுந்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ரயரை மட்டும் இவ்வாறு தடவலாகாது.

அடுத்தது ஓட்டிப் பார்த்தல். உயிலங்குளத்தை ஊடறுக்கும் ஏ14 நேரானதாகவும் சமதரையாகவும் இருப்பதனால் இச்சோதனைக்கு மிகவும் ஏற்றது. எனினும் இங்கு இரண்டு புறக்காரணிகள் சோதிப்பவரை ஏமாற்றக்கூடியன. மழைநீர் வடிவதற்காக வீதி நடுவில் உயர்ந்து கரைகளில் தாழ்ந்திருப்பதனால், இடப்புறமாக ஓட்டும் இலங்கையில், நல்ல வாகனமும் இடப்பக்கம் சற்றே நழுவும். மற்றையது காற்று. 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளுடன் தொடங்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்துக்கு மன்னார்த் தீவைத் தெரிவதற்குக் காரணமான அதே தென்மேற்குக் காற்று, மன்னாரிலிருந்து தென்கிழக்கு நோக்கிச் செல்லும் இவ்வீதியை ஏறக்குறையக் குறுக்காகவே அறைகிறது. முருங்கன் நோக்கிச் செல்கையில் அது வாகனத்தின் வலப்பக்கத்தில் மோதி இடப்பக்கம் தள்ளும். மன்னார் நோக்கித் திரும்புகையில் இடப்பக்கத்தில் மோதி வலப்பக்கம் தள்ளும். ஆகவே இரு திசைகளிலும் ஓட்டிப் பார்ப்பது இன்றியமையாதது: திசை மாறும்போது இழுக்கும் பக்கமும் மாறினால் அது காற்று, எத்திசையிலும் மெல்ல இடப்பக்கமே நழுவினால் வீதிச் சரிவாக இருக்கலாம், இரு திசைகளிலும் வலப்பக்கம் இழுத்தாலோ இடப்பக்கம் வலுவாக இழுத்தாலோ மட்டுமே வாகனத்தைச் சந்தேகிக்க வேண்டும். காற்று ஓய்ந்த அதிகாலையில் சோதித்தால் இக்குழப்பத்தின் பாதி நீங்கிவிடும்.

இழுவை உறுதியானபின்னும் நேரமைவைத் தொடுவதற்கு முன் விலக்கவேண்டியன சில உள்ளன. பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால் கோளாறு பிரேக்கில்; ஓடிவந்து நின்றவுடன் ஒரு சில்லின் நடுவில் மட்டும் வெப்பம் வீசினால் அங்கு பிரேக் விடுபடாமல் உரசுகிறது. ரயரின் உட்பின்னல் ஒரு புறம் சமனின்றி அமைந்தாலும் அது வாகனத்தை இழுக்கும் என்பதால், இரு முன்சில்லுகளையும் இடம் வலம் மாற்றிப் பூட்டிப் பார்க்கவேண்டும்; இழுவையும் பக்கம் மாறினால் ரயரே குற்றவாளி. உயர்வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதையும் நேரமைவுக் கோளாறு என்று பலர் கருதுவர். முருங்கன் பகுதியின் களிமண், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு முன்னர் மூலப்பொருளாக எடுத்துச் செல்லப்பட்ட அதே மண், ஈரத்தில் ஒட்டி வெயிலில் கல்லாக இறுகும் இயல்புடையது. வயலிலிருந்து ஏறிய வாகனத்தின் ரிம்மின் உட்புறத்தில் அது கைப்பிடியளவு ஒருபக்கமாக இறுகினாலே சில்லின் சமநிலை குலைந்து நடுக்கம் தோன்றும். அதற்கு வேண்டியது தண்ணீரும் ஒரு மரச்சீவலும்தான். இறுதியாக, வாகனத்தை ஜக்கில் உயர்த்தித் தாங்கிகளில் பாதுகாப்பாக நிறுத்தியபின், சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பெயரிங், போல் ஜொயின்ட் ஆகியவற்றின் தளர்வும், இடமும் வலமும் பிடித்து அசைத்தால் ஸ்டியரிங்கைச் சில்லுடன் இணைக்கும் டை ரொட் நுனிகளின் தளர்வும் புலப்படும். தளர்ந்த பாகம் ஒன்று இருக்கும்வரை அளக்கப்படும் எந்தக் கோணமும் அடுத்த குழியில் மாறிவிடும்.

இவையாவும் சரியாக இருந்தும் கோணல் நீங்காவிடில் பின்னச்சைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான கெப்களில் பின்சில்லுகள் இரண்டும் ஒரே திடமான அச்சில் பூட்டப்பட்டு, அவ்வச்சு லீஃப் ஸ்பிறிங் எனப்படும் தட்டுவில் அடுக்குகளில் யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். அடுக்கின் நடுவே ஊடுருவும் சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள துளையில் பொருந்தி, அச்சு முன்பின் நகராமல் தடுக்கிறது. மிகைப்பாரத்துடன் குழியில் விழும்போதோ, யூ போல்ட் தளர்ந்திருக்கும்போதோ, மீன்பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரால் துருப்பிடித்திருக்கும்போதோ அந்தப் போல்ட் அறுந்தால், அச்சின் ஒருமுனை சில மில்லிமீற்றர் பின்தள்ளப்படுகிறது. வலமுனை பின்தள்ளப்பட்டால் பின்சில்லுகள் வாகனத்தின் பின்பகுதியை வலப்பக்கமாக உந்த, முன்பகுதி இடப்பக்கம் திரும்பும். நேரே செல்ல ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சற்றுத் திருப்பியே வைத்திருக்க, உடல் கோணலாகவும் ஓட்டம் நேராகவும் அமையும். ஹைலக்ஸ் இரட்டைக் கெபின் வகையைப் போன்று 3085 மில்லிமீற்றர் அச்சிடைத் தூரமுள்ள வாகனத்தில், பின்னச்சின் ஒருமுனை 10 மில்லிமீற்றர் நகர்ந்தாலே, பின்சில்லுகளின் தடம் முன்சில்லுகளின் தடத்திலிருந்து ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் விலகி விழும். மழைபெய்து காய்ந்துவரும் மண்பாதையில் நேராக ஓட்டி இறங்கிப் பார்த்தால் இவ்விலகல் கண்ணுக்கே தெரியும்.

அளந்து உறுதிசெய்வதற்கு இயந்திரம் தேவையில்லை. நெல் காயவிடும் சீமெந்துத் தளம் போன்ற சமதளத்தில், பாரமின்றி, ரயர்க் காற்றுச் சரியாக, ஸ்டியரிங் நேராக நிற்க, நான்கு சில்லுகளின் மையங்களிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சோக்கட்டியால் குறியிட்டு, முன்குறிக்கும் பின்குறிக்குமான தூரத்தை இருபுறமும் அளந்தால் போதும். வேறுபாடு இருப்பின், அது முன்னாலா பின்னாலா என்பதையும் அறியவேண்டும்; குழியில் மோதி முன்சில்லின் கீழ்க்கை பின்தள்ளப்பட்டாலும் இதே அளவுதான் வரும். தட்டுவில்லின் முன்கண் போல்ட்டிலிருந்து பின்னச்சுக் குழாய்வரை இருபுறமும் அளந்தால் ஐயம் தீரும்: அங்கு வேறுபாடிருந்தால் பின்னச்சு நகர்ந்துள்ளது.

பின்னச்சு எத்திசையை நோக்குகிறது என்பதை அறியாமல் முன்சில்லுகளைச் சரிசெய்வது, கோணலான அடித்தளத்தின்மேல் தூக்குக்குண்டு பாராமல் சுவர் எழுப்புவதற்கு ஒப்பாகும். முன்சில்லுகளை மட்டும் அளக்கும் முறையில் டோ அளவு சரியென்றே வரும். கோணல் அப்படியே இருக்கும். நான்கு சில்லுகளையும் அளக்கும் இயந்திரத்தின் அறிக்கையிலோ உந்துகோணம், அதாவது பின்னச்சு நோக்கும் திசைக்கும் வாகனத்தின் நடுக்கோட்டுக்கும் இடையிலான கோணம், தனியே அச்சிடப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் முதலில் கேட்டுப் பார்க்கவேண்டிய எண் அதுவே.

கடற்கரை வாகனத்துக்கு இன்னொன்றும் உண்டு. கேம்பரையும் காஸ்டரையும் சரிசெய்யும் மையம் விலகிய போல்ட்டுகள், உப்புக்காற்றில் அவற்றின் இரும்பு உறைக்குள்ளேயே துருவேறி ஒட்டிக்கொள்வதனால், நெருப்புக் காட்டியோ வெட்டியோதான் எடுக்க நேர்கிறது; நெருப்புக் காட்டினால் அருகிலுள்ள இறப்பர் புஷ்ஷும் கருகிப்போகும் என்பதால் அதற்கும் சேர்த்தே செலவைக் கணக்கிடவேண்டும். மீன் ஏற்றிய ஒவ்வொரு நாளும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவி, ஒவ்வொரு நேரமைவுத் திருத்தத்தின்போதும் அந்தப் போல்ட்டுகளையும் டை ரொட் மரைகளையும் கழற்றிக் கிறீஸ் பூசி மீண்டும் பூட்டும்படி கராஜில் கேட்டுக்கொண்டால், அடுத்த முறை அவை சாவிக்கே திரும்பும்.